சர்வாதிகாரம் போதவில்லை, இன்னொரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கான ஒரு வரலாற்று நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவே இத்தாலியிலும் ஜெர்மனியிலும் சோவியத் ஒன்றியத்திலும் எழுந்த ஆட்சிகளைப் பற்றிய இயல், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். டிக்டேட்டர்ஷிப் வந்த இடமெல்லாம் சர்வாதிகாரம் என்று போட்டுக்கொண்டே வந்தேன். டோட்டலிடேரியனிசம் வந்ததும் கை நின்றுவிட்டது. 'சர்வ' என்பதை முன்பே செலவழித்துவிட்டோமே! இரண்டு சொல்லும் சேர்ந்து வரும் தலைப்பை 'சர்வாதிகாரச் சர்வாதிகாரம்' என்றா எழுதுவது?

இரண்டும் வேறு என்பதுதான் இயலின் உயிர். பழைய ரோமில் டிக்டேட்டர் என்பது ஒரு பதவி. ஆபத்துக் காலத்தில் அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைப்பார்கள். அவர் படை நடத்துவார், தண்டனை கொடுப்பார். ஊர்ப்பிள்ளை என்ன விளையாடுகிறது என்று பார்க்கமாட்டார். முசோலினி பார்த்தார். 1926-இல் பலில்லா என்ற சிறுவர் அமைப்பு வந்து எட்டு வயதுப் பையனுக்குச் சீருடை மாட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே, வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் பாட்டையும் பந்தாட்டத்தையும் கவனிக்க தொப்போலவோரோ என்ற ஓய்வுநேர அமைப்பு வந்துவிட்டது. இப்படி எதையும் விட்டுவைக்காத ஆட்சிக்கு ஒரு பெயர் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. முதலில் 'சர்வ'த்தை விட்டு வெளியே வந்துவிடுவோம். நம்மிடம் 'முழுது' இருக்கிறது. முழு என்பதோடு ஆட்சியைச் சேர்த்தால் முழுவாட்சி. முற்றியலுகரம் ஆகையால் வகர உடம்படுமெய் வந்துவிடும், காதுக்கு இடறும். முழுது குற்றியலுகரம், உகரம் கெட்டு முழுதாட்சி என்று அழகாகப் புணரும்.

முழு, முழுது, முழுகு, முழுக்கு, மூழ்கு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். முழுகியவன் உடம்பில் நனையாத இடம் என்று ஒன்று உண்டா? நீங்கள் கேட்கும் பொருள் அந்த வேரிலேயே இருக்கிறது. முழவு, முழக்கம், முழை ஆகியவற்றையும் இதோடு சேர்க்கலாம்; தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

'அதிகாரம்' பற்றியும் ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்திலும் குறளிலும் அது நூலுக்கும் நூற்பகுதிக்கும் பெயராக நிற்கிறது. ஆள்பவன் கைவலிமைக்கு அதையே பெயராக்கியதில் எனக்கு எப்போதும் மனக்குறை உண்டு.

மின்பொறியாளர் எழுதியது:

ஐயா, முழுதாட்சி என்றால் 'முழுமையான ஆட்சி' என்று பையன்கள் நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்கள். சோழர் மெய்க்கீர்த்தியில் அரசியைப் 'புவன முழுதுடையாள்' என்று போற்றவில்லையா? முழுதுக்கு நம் மரபில் மங்கலமான இடம்.

வள்ளுவர் கொடுத்த கொடுங்கோன்மை இருக்கும்போது ஏன் தேடுகிறோம்? எல்லோருக்கும் புரியும். அது பிடிக்காவிட்டால் சர்வாதிகாரத்தையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். செய்தித்தாள் அப்படித்தான் எழுதுகிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், சர்வாதிகாரி என்பது எப்போதும் வசைச்சொல்லாக இருந்ததில்லை. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மறியலை நடத்தும் பொறுப்பை ஏற்றவர்களைச் சர்வாதிகாரி என்றே அழைத்தார்கள். அதே ஆண்டில்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தார். அப்போது நம் ஊரில் அது பெருமையான பட்டம். சொல்லின் நிறம் பின்னால்தான் மாறியது.

வரலாற்று ஆசிரியை எழுதியது:

தம்பி சொன்ன கடைசிச் செய்தியில்தான் விஷயம் இருக்கிறது. நாம் மொழிபெயர்க்கப் பார்க்கும் சொல்லுக்கும் அதே மாதிரி ஒரு கதை உண்டு, தலைகீழாக.

அதை முதலில் எழுதியவர் ஜியோவானி அமென்டோலா, முசோலினியை எதிர்த்த தாராளவாதி, பத்திரிகையாளர். 1923 மே மாதம், உள்ளாட்சித் தேர்தலில் பாசிஸ்டுகள் செய்த ஒரு வேலையைக் கண்டித்தார். பெரும்பான்மை பெறும் கட்சிக்கு ஒரு வேட்பாளர் பட்டியல், சிறுபான்மையாகும் கட்சிக்கு ஒரு பட்டியல் என்று இருக்க, இரண்டையும் அவர்களே போட்டார்கள். ஜெயித்தவர் இடமும் தோற்றவர் இடமும் ஒரே கட்சிக்கு. இதைத்தான் அவர் 'டோட்டலிடாரியோ' முறை என்றார். தேர்தல் கணக்கில் பிறந்த சொல்! இரண்டே ஆண்டில், 1925 ஜூனில், முசோலினி அதே சொல்லை எடுத்து, ஆமாம், எங்கள் மூர்க்கமான வேட்கை அதுதான் என்று மேடையில் முழங்கினார். அக்டோபரில் மிலானில் 'எல்லாம் அரசுக்குள், அரசுக்கு வெளியே எதுவும் இல்லை, அரசுக்கு எதிராக எதுவும் இல்லை' என்றார். அமென்டோலாவை அந்த ஜூலையில் பாசிஸ்டுகள் அடித்துப்போட்டார்கள். 1926 ஏப்ரலில் பிரான்சில் இறந்துபோனார்.

ஆகவே நம் சொல்லை அமென்டோலாவும் சொல்ல வேண்டும், முசோலினியும் சொல்ல வேண்டும். ஒருவர் வாயில் குற்றச்சாட்டு, இன்னொருவர் வாயில் பெருமை. 'நாங்கள் கொடுங்கோன்மை வேண்டுகிறோம்' என்று முசோலினி மார்தட்டுவதாக நான் வகுப்பில் எப்படிச் சொல்வேன்?

'கோன்' வேறு குறுக்கே நிற்கிறது. ஹிட்லர் அரியணையில் பிறந்தவர் அல்ல. அறுபது லட்சம் பேர் வேலையில்லாமல் நின்ற 1932 ஜூலைத் தேர்தலில் அவர் கட்சிக்கு 37 விழுக்காடு வாக்கு, நவம்பரில் அது 33 ஆகக் குறைந்தது. 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவரே கூப்பிட்டுச் சான்சலர் பதவி, அதாவது பிரதமர் பதவி, கொடுத்தார். மார்ச் 23 அன்று நாடாளுமன்றமே 444-க்கு 94 என்று வாக்களித்துத் தன் அதிகாரத்தை ஒப்படைத்தது. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்டுகளை உள்ளேயே விடவில்லை. 'எப்படி டீச்சர் விட்டார்கள்?' என்று பிள்ளைகள் கேட்கும்போது கொடுங்கோன்மை என்ற சொல் அந்தக் கேள்வியையே மூடிவிடுகிறது.

என் பரிந்துரை முற்றாதிக்கம். ஆதிக்கம் அவர்களுக்குத் தெரிந்த சொல். வீட்டுக்குள் ஆதிக்கம், சாதி ஆதிக்கம் என்று பேசுகிறோம். ஆட்சி கோட்டையோடு நிற்கும், ஆதிக்கம் அடுக்களை வரை வரும்.

தமிழாசிரியர் எழுதியது:

முசோலினியின் அந்த வாக்கியத்தைப் படித்ததும் இலக்கணமே எழுந்து நின்றது. 'எல்லாரும் வந்தார்' என்பது முற்றும்மை; யாரும் மிச்சமில்லை. 'சாத்தனும் வந்தான்' என்பது எச்சவும்மை; சொல்லாமல் விட்ட கொற்றன் என்ற இன்னொருவன் அதற்குள் எச்சமாக, மிச்சமாக இருக்கிறான். எச்சம் இருக்கும் வரை இன்னொருவனுக்கு இடம் உண்டு. இந்த ஆட்சிகளால் தாங்க முடியாதது அந்த எச்சத்தைத்தான். ஜெர்மனியில் 1933 ஜூலையில் ஒரே கட்சி என்று சட்டம் போட்டார்களே, எச்சத்தை அறுத்த சட்டம் அது. அதனால் எச்சமிலாட்சி என்று வைக்கலாம். பொருளில் இதைவிடத் துல்லியமான சொல் கிடைக்காது.

மின்பொறியாளர் எழுதியது:

ஐயா, விளக்கம் அருமை, இரண்டு முறை படித்தேன். ஆனால் எச்சம் என்றால் இன்றைக்குப் பறவை எச்சம்தான். வகுப்பில் கொல்லென்று சிரிப்பார்கள்.

சரி, கொடுங்கோன்மையை நான் திரும்பப் பெறுகிறேன். டீச்சர் சொன்னது நியாயம். என் துறையிலிருந்து ஒன்று. சங்கம், பள்ளி, பத்திரிகை, மாநில அரசு என எல்லாவற்றையும் கட்சியின் கீழ் கொண்டுவந்ததை நாஜிகள் 'கிளைக்ஷால்டுங்' என்றார்கள். மின்சாரத் துறையில் புழங்கிய சொல். எல்லா விளக்கையும் ஒரே இணைப்பில் கொண்டுவந்து ஒரே சுவிட்சில் போட்டு அணைப்பது மாதிரி. இதற்கு 'ஓரிணைப்பாக்கம்' என்று வைக்கலாமா? இயலில் எப்படியும் வரும்.

வரலாற்று ஆசிரியை எழுதியது:

ஓரிணைப்பாக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

முற்றாதிக்கத்தில் எனக்கே ஒரு உறுத்தல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முற்று என்றால் முடிந்தது. இத்தாலியில் அது முடியவே இல்லை. அரசர் இருந்தார், போப் இருந்தார். 1929-இல் போப்போடு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1943 ஜூலை 25 அன்று அந்த அரசர்தான் முசோலினியை நீக்கிக் கைது செய்யவைத்தார். சொல்லைப் பெருமையாகச் சூடிக்கொண்ட நாடு அந்த அளவுக்குப் போகவில்லை. அந்தச் சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்ளாத ஸ்டாலினின் நாடு அதைவிட வெகுதூரம் போனது. 1937, 38 இரண்டே ஆண்டில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. தந்தையைக் காட்டிக்கொடுத்தான் என்று சொல்லப்பட்ட பாவ்லிக் மொரோசோவ் என்ற சிறுவனை வீரனாக்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். சொல்லில் முடிவு தெரிய வேண்டுமா, வேட்கை தெரிய வேண்டுமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. முற்றாதிக்கம் என்றே போடுகிறேன். ஐந்து பேர் தனி மடலில் அதையே சொன்னார்கள். முதலில் வரும் இடத்தில், எதையும் வெளியே விடாத ஆட்சி என்று ஒரு வரி விளக்கமும், அமென்டோலாவின் கதையைக் கட்டமிட்டும் கொடுக்கிறேன். டீச்சர் கேட்டதற்காக, முசோலினி பேசும் வரியில் 'முற்றாதிக்க வேட்கை' என்று எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதும் வேட்கையைத்தானே. தலைப்பு 'முற்றாதிக்கச் சர்வாதிகாரங்களின் எழுச்சி'. ஓரிணைப்பாக்கமும் உள்ளே வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர் எழுதியது:

வேலை முடிந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஆதிக்கமும் வடசொல்லே. 'சர்வ'த்தை வாசலில் நிறுத்திவிட்டு அதன் உறவை உள்ளே அழைத்திருக்கிறோம். அடுத்த பதிப்பு வந்தால் முழுதாட்சியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள் அம்மா. முழவு பற்றிய மடல் நாளை காலை வரும்.