நைரோபி டூ கிகாலி பஸ்ல, விசா எப்படி?

ஊர்சுத்தி: நைரோபில (கென்யா) இறங்கி பஸ்லயே கம்பாலா (உகாண்டா), கிகாலி (ருவாண்டா), அப்புறம் தான்சானியா போகணும், இந்தியன் பாஸ்போர்ட், நாட்டுக்கு நாடு தனித்தனியா விசா எடுக்கணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

மூட்டைமுடிச்சு: கென்யா உகாண்டா ருவாண்டா மூணுக்கும் சேர்த்து ஈஸ்ட் ஆப்பிரிக்கா டூரிஸ்ட் விசா இருக்கு ப்ரோ, 100 டாலர், 90 நாள், முதல்ல எந்த நாட்டுல நுழையறீங்களோ அங்கதான் அப்ளை பண்ணணும். தான்சானியா அதுல கிடையாது, அதனால அதைக் கடைசியா வெச்சுக்கோங்க, நடுவுல கென்யா-தான்சானியா எல்லைல இருக்கற நமாங்கா பார்டர் தாண்டிட்டுத் திரும்பினா அந்த விசா செல்லாது.

சாலைவாசி: மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு முக்கியம், 10 நாள் முன்னாடியே போட்டுடுங்க. அங்க கேக்காம விட்டாலும் கார்டு இல்லாம திரும்பினா நம்ம ஏர்போர்ட்ல 6 நாள் வரைக்கும் தனியா வெச்சுடுவாங்க.

ஊர்சுத்தி: அய்யோ. பார்டர்ல பஸ் நிக்குமா?

மூட்டைமுடிச்சு: ரொம்ப நேரம் நிக்காது, டிரைவர்கிட்ட சொல்லிட்டு இறங்குங்க. ஹெல்ப் பண்றேன்னு வர்றவன் கையில பாஸ்போர்ட்டக் குடுத்துடாதீங்க.