பிஸ்கட் டின்ல 214 பழைய கீகேப் (கீ மேல இருக்கிற எழுத்து மூடி) கிடைச்சிருக்கு, எது எந்த கீபோர்டோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சிவகாசி_டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா சிவகாசியில 90கள்லேர்ந்து டிடிபி சென்டர் வச்சிருந்தாரு, காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள் எல்லாம் அங்கதான் டைப் ஆகும். போன வருஷம் கடையக் காலி பண்ணப்ப நான் ஊர்ல இல்ல, கீபோர்டு எல்லாம் காயலாங்கடைக்குப் போயிடுச்சு. இப்ப பரண்ல ஒரு பிஸ்கட் டின், தொறந்தா முழுக்க கீகேப். ஆயுத பூஜைக்கு எல்லா கீயையும் கழட்டி சோப்புத் தண்ணியில ஊறப்போடுவாரு, வேலை செய்யாத போர்டோட கீய மட்டும் தூக்கிப் போடாம இதுல சேத்து வச்சிருக்காரு.

திருப்பிப் பாத்தா மூணு வகை தெரியுது. சிலதுல உள்ள கூட்டல் குறி மாதிரி ஓட்டை. சிலதுல சப்பையா ஒரு நாக்கு நீட்டிட்டு இருக்கு. சிலது உள்ள ஒண்ணுமே இல்லாத வெறும் மூடி. நாக்கு வச்ச வகையில எழுத்தெல்லாம் பளிச்னு இருக்கு, ஆனா அதோட ஸ்பேஸ்பார் மட்டும் டீக்கறை மாதிரி மஞ்சளா இருக்கு, அது வேற போர்டோடதா? சில கீயோட முன்பக்கம் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வேற. மஞ்சள் போக பெராக்ஸைடுல ஊறப்போடச் சொல்றாங்க, செய்யலாமா? ஒருத்தர் மொத்தமா 300 ரூபாய்க்குக் கேக்குறாரு, எனக்குக் கொடுக்க மனசு வரல.

ரிச்சிதெரு_வாசி:

தம்பி, கொடுத்துடாதீங்க. முதல்ல எழுத்தப் பாக்காம அடியப் பாத்தீங்க பாருங்க, அதுதான் சரியான வழி.

வெறும் மூடி மட்டும்னா பெரும்பாலும் ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு, 1985ல வந்தது. அதுல கீ ரெண்டு துண்டு, அடித்தண்டு போர்டுலயே இருக்கும், எழுத்து இருக்கிற மூடிய நகத்தால நெம்புனா வந்துடும். இன்னொரு அடையாளம் இருக்கு, க்யூ, ஏ, இசட் மூணையும் பக்கவாட்டுல வரிசையா வச்சுப் பாருங்க, மூணும் ஒரே சாய்வா இருந்தா மாடல் எம்தான், ஏன்னா அதுல வளைவு உள்ள இருக்கிற தகட்டுல இருக்கு, கீயில இல்ல. மத்த போர்டுல பொதுவா ஒவ்வொரு வரிசைக்கும் கீயோட சாய்வு மாறும்.

நாக்கு வச்சது ஆல்ப்ஸ் சுவிட்சுக்கானது, சுவிட்சுன்னா கீக்கு அடியில அமுங்குற பாகம். டெல் ஏடி101, ஆப்பிள் எக்ஸ்டெண்டட்ங்கிற கீபோர்டு ரெண்டுமே அந்த வகைதான். எழுத்து கீயோட இடது கீழ் மூலையில சின்னதா சாய்ஞ்சிருக்கா? ஆப்பிள் படம் போட்ட கீ இருக்கா? கண்ண மூடிட்டுத் தடவிப் பாருங்க, எஃப், ஜே மேல இருக்க வேண்டிய புடைப்பு டி, கே மேல இருந்தா சந்தேகமே வேணாம், அந்தக் காலத்து ஆப்பிள். முதல் எக்ஸ்டெண்டட் 1987, ரெண்டாவது 1990.

கூட்டல் ஓட்டை செர்ரி எம்எக்ஸ்ங்கிற இன்னொரு வகை சுவிட்சுக்கானது. இன்னைக்கு வர்ற புது கீகேப்லயும் இதே ஓட்டைதான், அதனால ஓட்டைய மட்டும் வச்சு வயசு சொல்ல முடியாது. ₹ போட்ட கீ இருந்தா அந்த செட் டிவிஎஸ் கோல்டு பாரத் கீபோர்டோடதா இருக்கலாம், உள்ள செர்ரி நீல சுவிட்சு, டிக் டிக்னு சத்தம் தெருவுக்கே கேக்கும். ₹ குறியே 2010 ஜூலையிலதான் அரசு ஏத்துக்கிச்சு, வரைஞ்சவர் நம்ம உதயகுமார், அதுக்கு முன்னாடி எந்த கீயிலயும் அது இருக்க வாய்ப்பில்ல. அதே மாதிரி விண்டோஸ் கீ 1994லேர்ந்துதான் போர்டுகள்ல வர ஆரம்பிச்சுது.

கோவை_மலர்:

ஸ்பேஸ்பார் வேற போர்டோடதுன்னு ஒதுக்கிடாதீங்க தம்பி! ஆப்பிள் எக்ஸ்டெண்டட்ல எழுத்து கீ பிபிடிங்கிற பிளாஸ்டிக், ஸ்பேஸ்பார் ஏபிஎஸ்ங்கிற வேற பிளாஸ்டிக். பிபிடி அச்சுல ஆறும்போது சுருங்கும், நீளமான துண்டுன்னா கோணிக்கும், அதனால நிறைய கம்பெனி ஸ்பேஸ்பார மட்டும் ஏபிஎஸ்ல போட்டாங்க. ஏபிஎஸ் வெயிலுலயும் சூட்டுலயும் மஞ்சளாகும், பிபிடி அவ்வளவு சீக்கிரம் ஆகாது. அந்த மஞ்சள் ஸ்பேஸ்பார்தான் உங்க செட்டு கலையாம இருக்குங்கிறதுக்கு அடையாளம்.

பிளாஸ்டிக் எதுன்னு பாக்க அரை லிட்டர் தண்ணியில 100 கிராம் உப்பு நல்லாக் கரைச்சு கீயப் போடுங்க. ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி முங்கிடும். கீக்குள்ள காத்துக் குமிழி மாட்டிக்கும், விரலால தட்டி விட்டுட்டுப் பாக்கணும், இல்லாட்டி பிபிடி கூட மிதந்து ஏமாத்தும். பாத்து முடிச்சதும் நல்ல தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க. நகப்பாலிஷ் ரிமூவர் தொட்டுப் பாக்கச் சொல்வாங்க, அசிட்டோன் ஏபிஎஸ்ஸக் கரைச்சிடும், வேணவே வேணாம்.

எழுத்து எப்படிப் போட்டிருக்காங்கன்னும் பாருங்க. விரலுக்கு மேடா தட்டுப்பட்டா மேல அச்சடிச்சது, தேயும். கொஞ்சம் கூட தட்டுப்படாம, பிளாஸ்டிக்க விட அடர்த்தியான நிறத்துல இருந்தா டை-சப், சூட்டுல மை உள்ளயே இறங்கினது, அதான் உங்களோடது இத்தன வருஷம் கழிச்சும் பளிச்னு இருக்கு. திருப்பினா உள்ள ரெண்டு நிறம் தெரிஞ்சா டபுள் ஷாட், எழுத்தே தனி பிளாஸ்டிக், கீ தேய்ஞ்சாலும் எழுத்து போகாது.

பெராக்ஸைடு வேண்டாம்ப்பா. முதல்ல வெள்ளையாகும், கொஞ்ச நாள்ல திரும்ப மஞ்சளாயிடும், சரியாப் பூசலன்னா திட்டுத் திட்டா நிக்கும், கையும் வெந்துடும். ஸ்டிக்கர் இருக்கிற கீய ஊறவே போடாதீங்க, ஈரத்துணியில துடைச்சாப் போதும்.

ரிச்சிதெரு_வாசி:

ஸ்டிக்கர் விஷயம் விட்டுட்டேன் தம்பி. ஏ கீயில என்ன எழுத்து? ய இருந்தா பழைய டைப்ரைட்டர் முறை, இன்ஸ்டிட்யூட்ல யளனக யளனகன்னு அடிச்சுப் பழகுவாங்களே அது. அ இருந்தா தமிழ்99, அது 1999ல வந்தது.

சிவகாசி_டிடிபி:

ரொம்ப நன்றிண்ணே, மலரக்கா உங்களுக்கும். நேத்து ராத்திரி முழுக்க உக்காந்து பிரிச்சேன். வெறும் மூடி 38, க்யூ ஏ இசட் மூணும் ஒரே சாய்வு. கூட்டல் ஓட்டை 74, அதுல ₹ ஒண்ணு இருக்கு. நாக்கு வச்சது 102, ஆப்பிள் படம் ரெண்டு கீயில இருக்கு, டி மேல புடைப்பு இருக்கு, தடவினப்ப கை அப்படியே நின்னுடுச்சு. உப்புத் தண்ணியில ஸ்பேஸ்பார் மிதந்துச்சு, ஸ்டிக்கர் இல்லாத எஸ்கேப் கீ முங்கிடுச்சு.

ஆப்பிள் செட்டுல ஏ கீயில ய. பக்கத்துல ள, ன, க. அப்பா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவரு, அந்தக் கையோடதான் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்காரு. ஸ்பேஸ்பார் ஓரத்துல குங்குமப் பொட்டு கூட லேசா இருக்கு, அதத் தொடல.

அந்த செட்டுல கே எங்க தேடியும் இல்ல. யார்கிட்டயாவது கூடுதலா இருந்தா விலைக்கு வாங்கிக்கிறேன், ஆனா புடைப்பு இருக்கிற கே தான் வேணும்.

கோவை_மலர்:

என்கிட்ட சுவிட்சு போன எக்ஸ்டெண்டட் 2 ஒண்ணு இருக்கு, கே நல்லா இருக்கு, புடைப்போட. காசெல்லாம் வேணாம், முகவரிய தனிச்செய்தில அனுப்புங்க. அந்த கே-ல ஸ்டிக்கர் இல்ல, டைப்ரைட்டர் முறைக்கு ம எழுத்து ஒட்டிக்கோங்க.