நகராட்சிச் சேவைகளுக்கு ஒரே உள்நுழைவு: பெயர் மாற்ற அலைச்சல் தீருமா?

தெற்குவீதி (கேள்வி):
வணக்கம். அப்பா மறைந்தபின் சொத்துவரியை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். குடிநீர் இணைப்போ இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனித் தளம், தனித்தனிக் கடவுச்சொல். ஓடிபி மட்டும் இன்றும் அப்பாவின் பழைய எண்ணுக்கே போகிறது. எல்லாச் சேவைகளுக்கும் ஒரே உள்நுழைவு வந்தால் இந்த அலைச்சல் நிற்குமா?

நிரலாளர்:
அதனால் மட்டும் நிற்காது என்பதே என் கருத்து. ஒற்றை உள்நுழைவு, வந்திருப்பவர் யார் என்பதை உறுதிசெய்யும். எந்த வரிவிதிப்பு எண்ணும் எந்தக் குடிநீர் இணைப்பு எண்ணும் அவருக்கு உரியவை என்பதை அந்தந்தத் துறையின் பதிவேடுதான் சொல்ல வேண்டும். சென்னையில் சொத்துவரி மாநகராட்சிக்கும், குடிநீர், கழிவுநீர் வரி குடிநீர் வாரியத்துக்கும் செல்வதால், ஒரே வீட்டை இரண்டு அலுவலகங்கள் இரண்டு எண்களால் அறிகின்றன. ஒன்றில் பழைய கதவு எண்ணும் மற்றொன்றில் புதிய கதவு எண்ணும் இருந்து, தலைப்பெழுத்தும் மாறியிருந்தால், இரண்டும் ஒரே வீடு என்று கணினி தானாக முடிவுசெய்ய முடியாது, செய்யவும் கூடாது.

நுழைவுக்கான தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய மேரி பெஹ்சான் என்ற ஒற்றை உள்நுழைவுச் சேவை வழியாக, ஆவணங்களை மின்வடிவில் சேமிக்கும் டிஜிலாக்கர் கணக்கைக் கொண்டே இணைந்துள்ள பிற அரசுத் தளங்களில் நுழையலாம். ஆனால் நுழைவு மட்டும் போதாது. அரசுச் சேவைகளை இணையவழி தருவதில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் எஸ்டோனியா நாட்டுக்கு வலிமை தந்தது மின்னணு அடையாள அட்டை மட்டுமல்ல. துறைகள் தரவைப் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்ள 2001இல் அமைத்த எக்ஸ்-ரோடு என்ற இணைப்புக் கட்டமைப்பும்தான்.

மேற்குமாடி:
எஸ்டோனியாவிலேயே 2017இல் அந்த அட்டைகளின் சில்லில் (சிப்) பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டு, சுமார் 7,50,000 அட்டைகளின் மின்சான்றிதழ்களைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. கைப்பேசிவழி அடையாளம் தனியாக இருந்ததால் பலர் சேவைகளைத் தொடர்ந்து பெற்றனர். எனவே ஒரே சாவி என்றாலும் மாற்றுவழி ஒன்று வேண்டும். இ-சேவை மையத்தையும் மூடக் கூடாது. கைப்பேசியைக் கையாள முடியாத என் அம்மாவுக்காக நான் வரி கட்டுகிறேன். அவருடைய ஓடிபியை வாங்கிச் செய்வது தவறு என்று தெரிந்தும் வேறு வழியில்லை. பெற்றோர் சார்பில் பிள்ளைகள் முறைப்படி அனுமதி பெற்றுச் செயல்படும் வசதி முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.

தெற்குவீதி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் உள்நுழைவு வரும்வரை நான் காத்திருப்பதில் பயனில்லை. புதிய சொத்துவரி ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் திங்கட்கிழமை நேரில் செல்கிறேன். குடிநீர்ப் பதிவேட்டில் என் வரிவிதிப்பு எண்ணையும் குறிக்க முடியுமா என்று கேட்டு, இங்கே எழுதுகிறேன்.