சாரி ஷேப்வேர் போட்டு அவதிப்பட்டவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டையிலிருந்து:
என் நாத்தனாருக்குக் கொஞ்சம் பருத்த உடம்பு, சர்க்கரையும் உண்டு. மகள் கல்யாணத்துக்கு உள்பாவாடைக்குப் பதிலாக, புடவைக்குள் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ஷேப்வேர் வாங்கப் போனார். "ஒரு சைஸ் கம்மியா எடுங்கக்கா, அப்பதான் வயிறு உள்ள போகும்" என்று கடையில் சொல்லி, டபுள் எக்ஸ்எல் போடுகிறவருக்கு எக்ஸ்எல் கொடுத்துவிட்டார்கள். முகூர்த்தத்திலிருந்து இரவு வரவேற்பு வரை அதைக் கழற்றவே இல்லை. கழற்றி மாட்டுவது பெரும்பாடு என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பந்தியில் நாலு வாய் சாப்பிட்டதும் புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல். வயிற்றை வெளியிலிருந்து அழுத்தினால் அமிலம் மேலே ஏறத்தானே செய்யும்?

மறுநாள் வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய், புடவை உரசினாலே எரிந்தது. சர்க்கரை நரம்பைத் தாக்கிவிட்டது என்று அழுதேவிட்டார். டாக்டர் முதலில் கேட்டதே, "இறுக்கமா ஏதாவது போட்டீங்களாம்மா?" என்றுதான். தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு இடுப்பெலும்பு ஓரத்தில் அமுங்கியிருக்கிறதாம். மெரால்ஜியா பாரெஸ்தெடிகா என்று பெயர். பருமனோ சர்க்கரையோ இருந்தால் இது வர வாய்ப்பு கூடுதல், இறுக்கமான துணி அதைக் கிளப்பிவிடும். தளர்வான உடைக்கு மாறிய பிறகு மெல்ல மெல்லச் சரியானது.

மஞ்சக்குப்பத்திலிருந்து, நர்ஸ்:
நான் அதிகம் பார்ப்பது தோல் தொல்லை. நம்ம கடலூர்ப் புழுக்கத்தில் நைலான் துணியை நாள் முழுக்கப் போட்டால், அடிவயிற்று மடிப்பிலும் தொடை இடுக்கிலும் வியர்வை காயவே காயாது. தோல் சிவந்து, ஊறி, பூஞ்சை பிடிக்கும். காட்டக் கூச்சப்பட்டு மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு அப்போதைக்கு அடங்கி, படை பரவிவிடும். தயவுசெய்து வந்து காட்டுங்கள். நாங்கள் யாரும் உங்கள் உடம்பைக் குறை சொல்ல மாட்டோம்.

பழைய உள்பாவாடையே மேல் என்பவர்களுக்கும் ஒன்று. நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். இடுப்பில் சேலைக்கட்டு வருடக்கணக்கில் இறுக்கி, ஆறாத புண் புற்றாக மாறிய இரண்டு வயதான பெண்களைப் பற்றி மகாராஷ்டிரத்தின் வார்தா, பீகாரின் மதுபனி மருத்துவர்கள் 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். அபூர்வம்தான், ஆனாலும் இடுப்பில் கறுத்துத் தடித்த தழும்பு புண்ணானால் சும்மா விடாதீர்கள்.

நேரு வீதியிலிருந்து, துணிக்கடையில் வேலை:
முதல் பதிவைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நான் யாருக்கும் சைஸ் குறைத்துக் கொடுப்பதில்லை. நின்றபடி மட்டும் அளவெடுக்காமல் உட்கார வைத்தும் எடுப்பேன், உட்கார்ந்தால் வயிற்றுச் சுற்றளவு கூடும். போட்டுப் பார்க்கும்போது மூச்சை நன்றாக இழுங்கள், குனியுங்கள். மேல் விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி வெட்டினால் அது உங்களுக்கான அளவு இல்லை. இதைப் போட்டால் கொழுப்பு கரையுமா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். கரையாது அக்கா, வெறும் வியர்வைதான் போகும். விசேஷத்துக்குப் போட்டாலும் சாப்பாட்டுக்கு முன்னால் கழற்றிவிடுங்கள், கைப்பையில் ஒரு பருத்தி உள்பாவாடை இருக்கட்டும்.