பெற்றோருடன் இலங்கைப் பயணம்: தனி வண்டி, தனி வழிகாட்டி அமர்த்தும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோரையும் பள்ளியில் படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு 10 நாள் இலங்கைப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டு வருகிறேன். பெரிய குழுவோடு சேர்ந்து, இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கி, ஏறச் சொன்ன நேரத்தில் ஏறும் பயணம் பெரியவர்களுக்கு ஒத்துவராது. ஆகவே எங்களுக்கென்று ஒரு வண்டியும் ஒரு வழிகாட்டியும் அமர்த்திக்கொள்ள எண்ணுகிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் பல ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தவர். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகப் படிகள் ஏற இயலாது. அவர் முட்டைகூடத் தொடாத சைவம். மகனுக்கு யானையும் ரயிலும் போதும்.

ஒரு நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் அநுராதபுரம், யாழ்ப்பாணம், திருகோணமலை, பொலன்னறுவை, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி, கொழும்பு ஆகிய அனைத்தும் இந்தப் பத்து நாளுக்குள் அடக்கப்பட்டுள்ளன. இது நடக்கக்கூடியதுதானா? டிசம்பர் கடைசி, மே மாதம் இரண்டில் எது நல்லது? ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருந்தால் போதுமா, அல்லது தனியாக ஒருவர் வேண்டுமா? தமிழில் விளக்கிச் சொல்பவர்கள் கிடைப்பார்களா? அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

நல்லூரான் எழுதியது:

வணக்கம் அக்கா. அந்தத் திட்டம் நடக்கும். ஆனால் உங்கள் அப்பா பார்க்க விரும்பும் எதையும் அவர் பார்த்திருக்கமாட்டார். வரைபடத்தில் இலங்கை சிறிய தீவுதான். ஆயினும் இங்கே பயணத்தைத் தூரத்தால் கணக்கிடக்கூடாது, நேரத்தால் கணக்கிட வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 75 கிலோமீற்றர்தான் என்றாலும், மலைப்பாதையில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். கொழும்பிலிருந்து காலிக்குத் தெற்கு அதிவேகப் பாதையில் போனால் அதைவிடக் குறைந்த நேரத்தில் அதைவிட அதிக தூரம் போய்விடலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் போடப்படும் திட்டங்களில் பகற்பொழுது முழுவதும் வாகனத்துக்குள்ளேயே கழிந்துவிடுகிறது.

முதலில் காலநிலையைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கி செப்டம்பர் வரை காலி, கொழும்பு, மலைநாட்டின் மேற்குச் சரிவு ஆகிய பகுதிகளை நனைக்கிறது. வடகிழக்கு மழை வருட இறுதியில் வடக்கையும் கிழக்கையும் பிடிக்கிறது. ஆகவே மே மாதம் என்றால் யாழ்ப்பாணமும் திருகோணமலையும். டிசம்பர் கடைசி என்றால் கண்டியும் காலியும். ஒரே பயணத்தில் இரண்டையும் கேட்காதீர்கள். நான் யாழ்ப்பாணத்தவன். எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை; ஆனாலும் டிசம்பரில் வருவதானால் வடக்கைத் தனியொரு பயணத்துக்கு ஒதுக்கிவையுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆவணியை ஒட்டி வந்தால் நெடுந்தீவு, நயினாதீவு, யாழ்ப்பாணக் கோட்டை, கந்தரோடை எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.

என் தெரிவு டிசம்பர் கடைசிதான். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் அப்போது மழை வரும், குடை தேவைப்படும். அதேவேளை அந்த மழையால்தான் குளங்கள் நிறைந்திருக்கும். பெரும்போக வயல்கள் பச்சையாக நிற்கும். வரண்ட வலயத்தின் நாட்டுப்புறத்தை அதன் முழு அழகோடு பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்குள் போகாமல் நேரே அநுராதபுரம் போய் அங்கே இரண்டு இரவுகள் தங்குங்கள். அடுத்து ஹபரணையில் மூன்று இரவுகள்; அங்கிருந்தபடியே பொலன்னறுவை, சிகிரியா இரண்டையும் போய்வரலாம். ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை உங்கள் அம்மாவுக்கு மிச்சமாகும். பிறகு தம்புள்ளை வழியாகக் கண்டிக்கு வந்து மூன்று இரவுகள், கடைசியில் காலியில் ஓர் இரவு. யால, எல்ல, திருகோணமலை மூன்றையும் விட்டுவிடுங்கள். ஹபரணை அருகே உள்ள மின்னேரியா தேசியப் பூங்காவில் யானைகள் பெருங்கூட்டமாகச் சேர்வது குளம் வற்றும் ஜூலை முதல் ஒக்டோபர் வரையிலான காலத்தில்தான். டிசம்பரில் அந்தக் காட்சியை எதிர்பார்க்க வேண்டாம் என்று உங்கள் மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஹபரணையைச் சுற்றியுள்ள காடுகளில் சில யானைகளையாவது பார்க்க வாய்ப்பிருக்கிறது.

அநுராதபுரத்திலிருந்து ஹபரணைக்குப் போகும் நாளில் நேர் வழியில் போகாமல் கலாவெவ வழியாகச் சுற்றிப் போகும்படி சாரதியிடம் கேளுங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய குளம் அது. அங்கிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுபோகும் ஜய கங்கை என்ற கால்வாய், தொடக்கப் பகுதியில் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவுக்கே சரிந்து ஓடுகிறது. வரலாற்று ஆசிரியரான உங்கள் அப்பா அந்த அணைக்கட்டில் நின்று பார்த்தால், இந்த நாட்டின் பழைய தலைநகரங்கள் ஏன் கடற்கரையில் அமையாமல் வரண்ட உள்நாட்டில் அமைந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஒரே கல்லில் செதுக்கிய அவுக்கன புத்தர் சிலையும் அருகில்தான் இருக்கிறது.

தேயிலைக்கொழுந்து எழுதியது:

சாரதி, வழிகாட்டி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் சில காலம் இந்தத் துறையில் வேலை செய்தவள்.

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது. நாடு முழுவதும் உங்களுடன் வரக்கூடிய தேசிய வழிகாட்டி, வாகனத்தையும் ஓட்டி விளக்கமும் சொல்லும் சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கோ ஒரு தலத்துக்கோ மட்டும் உரிமம் பெற்றவர் எனப் பல பிரிவினர் இருக்கிறார்கள். உரிமம் இல்லாத வெறும் சாரதி மிக நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் அவர் உங்களை வாசலில் இறக்கிவிட்டு நிழலில் காத்திருப்பார், உள்ளே உங்கள் அப்பா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு உரிமம் பெற்ற சாரதி வழிகாட்டி ஒருவர் போதும் என்பதே என் கருத்து. மிச்சப்படும் பணத்தில் பொலன்னறுவைக்கு மட்டும் அந்தத் தலத்தை நன்கு அறிந்த ஒருவரைத் தனியாக அமர்த்துங்கள்.

தமிழில் விளக்குபவர் வேண்டும் என்பதை முதற்கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும், அம்மா. தமிழ் பேசத் தெரிந்த சாரதிகள் மலையகத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் நிறையவே இருக்கிறார்கள். தமிழில் வரலாற்றை விளக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டிகளோ குறைவு, அவர்களை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பணம் அனுப்புவதற்கு முன் உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவருடன் தொலைபேசியில் ஒருமுறையாவது உங்கள் அப்பாவைப் பேசவையுங்கள். அந்த உரையாடலிலேயே இவர் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவரா, கேட்டதற்குப் பதில் சொல்பவரா என்பது ஆசிரியராக இருந்தவருக்குத் தெரிந்துவிடும்.

உடன்படிக்கையில் எரிபொருள், வாகனத் தரிப்பிடக் கட்டணம், அதிவேகப் பாதைக் கட்டணம், சாரதியின் உணவு, அவர் தங்குமிடம் ஆகிய ஐந்தும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சாரதிக்கு நல்ல படுக்கையும் நேரத்துக்கு உணவும் கிடைக்கின்றனவா என்பதை நீங்களே ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் சாரதிகளுக்குத் தரப்படும் அறை மனிதர் தூங்கத்தக்கதாக இருப்பதில்லை. இரவு தூங்காதவர் மறுநாள் மலைப்பாதையில் உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டுவார் என்பதை நினைத்தால், இது தாட்சண்யம் மட்டும் சார்ந்த விடயம் அல்ல என்பது புரியும்.

தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் மாத்தளைப் பக்கம் வாசனைத் தோட்டங்கள் வரிசையாக வரும். கண்டியில் இரத்தினக்கல் கடைகள் இருக்கின்றன. அங்கே அழைத்துப்போகிறவருக்குத் தரகு கிடைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. ஏலமும் மிளகும் கறுவாவும் செடியில் எப்படி இருக்கும் என்று மகனுக்குக் காட்ட ஒரு தோட்டத்துக்குள் போய்வருவதில் தவறில்லை. மற்றக் கடைகள் வேண்டாம் என்று முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிட்டால், பிறகு இரு பக்கமும் மனக்கசப்பு வராது. அந்த நேரத்தில் நாலந்த கெடிகேயில் இறங்குங்கள். திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த சிறிய பௌத்தக் கற்றளி அது. நீர்த்தேக்கம் கட்டும்போது மூழ்கிவிடாதபடி கல் கல்லாகப் பிரித்து உயரமான இடத்தில் மறுபடி அடுக்கப்பட்டது. கூட்டம் இருப்பதில்லை.

உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும்கூட மாசிக் கருவாட்டைத் தூளாக்கிச் சேர்ப்பார்கள். மரக்கறி என்று சொன்னால் மட்டும் போதாது, மாசி போடாதது என்று வழிகாட்டி ஒவ்வொரு இடத்திலும் சிங்களத்தில் கேட்டுச் சொல்ல வேண்டும். கண்டியில் சைவக் கடைகள் இருப்பதால் அம்மாவுக்கு அங்கே கவலை இல்லை.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

வரலாற்று ஆசிரியர் வருகிறார் என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பொலன்னறுவைக்கு அரை நாள் ஒதுக்கும் திட்டங்களைக் கண்டாலே எனக்கு வருத்தம் வரும். அதற்கு முழு நாள் கொடுங்கள்.

இராசராசனின் படையெடுப்புக்குப் பிறகு சோழர்கள் அநுராதபுரத்தை விட்டுவிட்டு, இந்நகரையே சனநாதமங்கலம் என்ற பெயரில் தலைநகராகக் கொண்டார்கள். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றினான். அந்த இடைக்காலத்தின் சின்னமாக இரண்டாம் சிவாலயம் என்று எண்ணிட்ட கோயில் அங்கே நிற்கிறது. வானவன்மாதேவி ஈசுவரம் என்பது கல்வெட்டில் காணப்படும் பெயர். முழுக்கக் கல்லால் கட்டியது என்பதால், செங்கல் கட்டடங்கள் பல சிதைந்த அந்நகரில் அது ஏறக்குறைய முழுமையாகவே தப்பியிருக்கிறது. பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரைக்குப் போகும் அவசரத்தில் பல வழிகாட்டிகள் அதைக் கடந்துவிடுகிறார்கள். உங்கள் வழிகாட்டியிடம் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். புத்தரின் பல் சின்னத்தை வைத்திருந்த தலதா மாளிகைகளின் இடிபாடுகள் உள்ள வளாகத்தில் வேளைக்காரர் கல்வெட்டும் இருக்கிறது. அந்தச் சின்னத்தைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படைப்பிரிவொன்று ஏற்றுக்கொண்டதைத் தமிழில் சொல்லும் கல் அது. அந்தக் காலத்து அரசியலை இரண்டு இனங்களின் ஓயாத சண்டையாக மட்டும் கற்பிக்கும் பாடப்புத்தகங்களுக்கு அதுவே நல்ல மறுமொழி.

கண்டியிலும் நம்மோடு தொடர்புடைய கதை ஒன்று உண்டு. கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரமராசசிங்கன் நாயக்கர் வழியினன். 1815இல் ஆங்கிலேயரிடம் அகப்பட்டு, வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832இல் இறந்தான். கண்டி ஏரியும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்தவை. வேலூர்ப் பாலாற்றங்கரையில் உள்ள அவன் நினைவிடமான முத்துமண்டபத்தைப் பார்த்தவர்கள் அந்த ஏரிக்கரையில் நிற்கும்போது கதையின் இரு முனைகளையும் பார்த்தவர்கள் ஆகிறார்கள்.

காலிக்குப் பிறகு நேரம் இருந்தால் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் நிறுவிய மும்மொழிக் கல் காலியில்தான் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உள்ளன. பொலன்னறுவையில் அகழ்ந்தெடுத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன. ஆகவே கடைசி நாளில் காலியிலிருந்து நேரே விமான நிலையம் போகாமல், இரவு விமானமாகப் பார்த்துக்கொண்டால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வானவன்மாதேவி ஈசுவரத்துக்காகவே பொலன்னறுவையில் முழு நாள் வேண்டும் என்கிறார். டிசம்பர் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள். அம்மா ஏற முடியாத இடங்களில் அவர் என்ன செய்வது? நுவரெலியாவை விட்டுவிட்டால் மகனுக்கு மலை ரயில் கிடைக்காதே?

தேயிலைக்கொழுந்து எழுதியது:

சிகிரியாவில் உச்சிவரை ஏறத்தாழ 1200 படிகள். அம்மா அவற்றை நினைக்கவே வேண்டாம். ஆனால் குன்றின் அடியில் உள்ள காசியப்ப மன்னன் காலத்து நீர்த்தோட்டங்கள் சமதரையில் இருக்கின்றன, வாசலருகே அருங்காட்சியகமும் உண்டு. வாசல் திறக்கும் நேரத்துக்கே போய், மகனும் நீங்களும் ஏறி இறங்கும் வரை அவர் தோட்டத்தில் உலவலாம். தம்புள்ளைக் குகைக்கோயிலுக்கும் படியேற்றம் உண்டு. கண்டிக்குப் போகும் வழியில் அங்கே இறங்கும்போது, நீங்கள் ஏறி வரும்வரை அவரைக் கீழே ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். அநுராதபுரம் முழுக்கச் சமதரை. காலணியைக் கழற்றிவிட்டு வெயிலேறிய கல்தளத்தில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், புனித அரச மரமான ஸ்ரீமகாபோதிக்கும் ருவன்வெலிசாய என்ற பெரிய தாதுகோபத்துக்கும் காலையிலோ மாலையிலோ போங்கள். காலுறை அணிந்துகொள்ளலாம். எல்லோரும் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது என்பதை மகனிடம் சொல்லிவையுங்கள்.

தொடருந்துக்கு நுவரெலியாவில் தங்கத் தேவையில்லை. கண்டியிலிருந்து காலையில் புறப்பட்டு ஹட்டன் அல்லது நானுஓயா வரை மகனும் தாத்தாவும் தொடருந்தில் போகட்டும். சாரதி வாகனத்தை அங்கே கொண்டுவருவார், மாலையில் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தபடி கண்டிக்குத் திரும்பலாம். ஆசன முன்பதிவு பயணத் தேதிக்கு 30 நாள் முன்பே திறக்கும், வேகமாக முடிந்துவிடும். மழையில் மண்சரிந்து பாதை அடைபடுவதுண்டு என்பதால் முந்தின நாள் கண்டி நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த மலைகளில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வருகிறார்கள். தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயன் என்ற வரிசை வீடுகளுக்குள் கேட்காமல் புகைப்படக் கருவியோடு நுழையாதீர்கள், தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அவர்களே தேநீர் குடிக்க அழைப்பார்கள்.

நல்லூரான் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. உங்கள் பயணத் தேதிகளுக்குள் பௌர்ணமி வருகிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள். போயா தினம் இங்கே பொது விடுமுறை; அநுராதபுரத்திலும் தலதா மாளிகையிலும் யாத்திரிகர் கூட்டம் மிகும், வாகனம் நிறுத்தவும் இடம் கிடைக்காது. அந்த நாளை ஹபரணையில் கழிக்கும்படி தேதிகளை ஒன்றிரண்டு நகர்த்திக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கும் இடங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்குக் கட்டணச் சலுகை தரப்படுவதுண்டு. அதற்கு அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும் என்பதால், நான்கையும் விடுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வராதீர்கள்.