மறுமொழி: பெலோட்டானுக்குத் தமிழ் என்ன? – திரள், ஒதுங்கல், தோள்வீரர்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களைச் சேர்த்து வைத்து இன்று காலை ஒரே மூச்சில் படித்தேன். இழையைத் தொடங்கியவன் நான் என்பதால் பதில் சொல்வது என் கடன். சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிகளின் பெருங்கூட்டத்தைக் குறிக்கும் பெலோட்டான் முதலான சில சொற்களுக்குத் தமிழ் என்ன என்று முதல் மடலில் வெறும் பட்டியலாகக் கேட்டுவிட்டேன். பார்த்த காட்சியைச் சொல்லாமல் பெயரை மட்டும் கேட்டால் அகராதிச் சொல்தான் வரும். அதனால் முதலில் காட்சி, அப்புறம் சொல்.

நான் சைக்கிள் பந்தயம் பார்க்கத் தொடங்கி இரண்டு ஜூலைதான் ஆகிறது. டூர் டி பிரான்ஸ் 21 நாள் ஓட்டம், நடுவில் 2 நாள் ஓய்வு, மொத்தம் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். நம் நேரத்துக்கு ஒவ்வொரு நாள் ஓட்டமும் இரவு ஒன்பது மணி வாக்கில் முடிகிறது. முதல் வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 2024-இல் 22 அணிகள், அணிக்கு 8 பேர், ஆக 176 பேர் புறப்பட்டார்கள். முன்னால் நாலு பேர் தனியாகப் போகிறார்கள். பின்னால் வரும் பெருங்கூட்டம் அவர்களைத் துரத்துவதாகவே தெரியவில்லை. கைப்பிடியும் கைப்பிடியும் உரசுகிற நெருக்கத்தில் பேசிக்கொண்டே வருகிறார்கள். வேகமாக ஓட்டுகிறவர் ஜெயிக்கிறார், இதில் அணி எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கேமரா ஒரே ஒருவரைப் பிடித்தது. அவர் மெதுவாகப் பின்தங்கி, தன் அணியின் காருக்குப் பக்கத்தில் வந்தார். சன்னல் வழியாகத் தண்ணீர் புட்டிகளை ஒவ்வொன்றாக நீட்டுகிறார்கள். இரண்டைச் சட்டங்களில் செருகினார், மூன்றை முதுகுப் பையில் திணித்தார். மிச்சத்தைக் கழுத்துப் பக்கமாகச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். முதுகு கூன் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பாரத்தோடு வேகம் கூட்டி, நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு நடுவே சந்து பார்த்து நுழைந்து, தன் தோழர்களிடம் போய் ஒவ்வொரு புட்டியாகக் கொடுத்தார். கொடுத்து முடித்ததும் அணியின் முன்னால் போய், பின்னால் வரும் தோழர்களுக்காக எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார். அன்றைய முடிவுப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். நூற்று முப்பதுக்கும் கீழே இருந்தது. இந்த ஆட்டத்தை அன்றுதான் நான் பார்க்கத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டி ஓட்டுவதற்குப் ‘பின்தொடர்வு’ என்றோ ‘காற்றுத்தவிர்ப்பு’ என்றோ சொல்லலாம்.

பின்தொடர்வு என்றால் துரத்துவதும் ஆகும், வேவு பார்ப்பதும் ஆகும். காற்றுத்தவிர்ப்பு பொருளில் சரிதான், ஆனால் யார் வாயிலும் வராது. எனக்கு வேறொரு சொல் இருக்கிறது. அது நான் உருவாக்கியதும் இல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வளர்ந்தவன் நான். ஆனி, ஆடியில் எங்கள் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்பதற்கு முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. பள்ளிக்கூடத்துக்கு நாலைந்து பேர் சைக்கிளில் போவோம். எதிர்க்காற்றில் முன்னால் போகிறவனுக்கு மூச்சு முட்டும், பின்னால் வருகிறவன் சும்மா மிதிப்பான். அதனால் முறை வைத்துக்கொள்வோம். “மக்கா, கொஞ்சம் முன்னால போ, நான் ஒதுங்கிக்கிடுதேன்” என்போம். மழைக்கு ஒதுங்குகிறோம், வெயிலுக்கு ஒதுங்குகிறோம், காற்றுக்கும் ஒதுங்குகிறோம். ஆகவே என் முன்மொழிவு ஒதுங்கல். வேறு பொருள் வந்து குழப்பும் இடத்தில் பின்னொதுங்கல் என்று விரித்துக்கொள்ளலாம். ‘ஒதுக்கம்’ வேண்டாம், இட ஒதுக்கீடு நினைவுக்கு வரும்.

இந்த ஒதுங்கல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018-இல் 121 ஓட்டிகள் கொண்ட மாதிரியை வைத்து ஆராய்ந்தார்கள். தனியாக ஓட்டுபவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடையில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே, கூட்டத்தின் உள்ளே நன்றாகப் பொதிந்து வருபவருக்கு மிஞ்சுகிறது. இதைப் படித்த பிறகுதான் அந்த நெருக்கம் எனக்குப் புரிந்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலும் அவர்கள் பேசிக்கொண்டு வர முடிவது இதனால்தான்.

இனி அந்தக் கூட்டத்துக்கே என்ன பெயர்?

> ‘பெருங்குழு’ போதாதா? இல்லையென்றால் ‘மந்தை’. இத்தாலியச் சொல்லிலும் மந்தைதானே ஒளிந்திருக்கிறது?

இத்தாலியர்கள் மந்தையோடு தொடர்புள்ள சொல்லை வைத்திருப்பது கூட்டத்துக்கு அல்ல, உதவி ஓட்டிக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். குழு என்பது யாரோ அமைப்பது, அதற்கு உறுப்பினர் பட்டியல் உண்டு. இந்தக் கூட்டமோ நிமிடத்துக்கு நிமிடம் ஆள் கூடிக் குறைகிறது. மந்தைக்கு மேய்ப்பவன் வேண்டும். இது தானாகவே கணக்குப் போடுகிறது. முன்னால் போகிறவர்களோடு உள்ள இடைவெளியில் ஒரு நிமிடத்தைக் குறைக்க ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பிடிக்கும் என்று இந்த ஆட்டத்தில் ஒரு பழைய வாய்பாடு உண்டு. அந்த நாலு பேரை மணிக்கணக்கில் விட்டுவைப்பது சோம்பலால் இல்லை. சீக்கிரம் பிடித்துவிட்டால் அடுத்த நாலு பேர் கிளம்புவார்கள்.

பிரெஞ்சில் பெலோட்டான் என்பதன் அடிப்பொருள் சிறு நூலுருண்டை. படைப்பிரிவைக் குறிக்கும் பிளட்டூன் அதன் வழிவந்ததுதான். நம் திரள் இங்கே அப்படியே பொருந்துகிறது. திரளுதல் கூடுவது மட்டும் அல்ல, உருண்டு சேர்வதும் கூட. மோரில் வெண்ணெய் திரள்கிறது. திரளை என்றாலே உருண்டைதான். கடைசி இருநூறு மீட்டரில், அதுவரை தனியாக முன்னால் போன முன்னோட்டிகளைத் திரள் விழுங்கும்போது, வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதை என்று வருணனையாளர் சொன்னால் எந்தத் தமிழருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது.

சாரை என்று முன்மொழிந்த நண்பருக்கு என் நன்றி. அதைத் தள்ளவில்லை, வேறு இடத்தில் வைக்கிறேன். வேகம் கூடும்போது இந்த உருண்டை உருகி நீண்டு, ஒருவர் பின் ஒருவராக எறும்புச் சாரை போல ஆகிவிடுகிறது. “திரள் சாரையாகிவிட்டது” என்றால் யாரோ முன்னால் கடுமையாக இழுக்கிறார்கள் என்று கேட்பவருக்குத் தெரியும். ஒரு சொல்லுக்குக் கேட்டு இரண்டு கிடைத்தது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிக முக்கியம். புட்டி சுமந்தாரே, அவரைப் போன்ற உதவி ஓட்டிக்குப் பிரெஞ்சில் தொமெஸ்தீக் என்று பெயர்.

> நேர்ப்பொருள் ‘வேலைக்காரர்’. ‘ஏவலர்’ அல்லது ‘பணியாள்’ என்று வைத்துவிடலாம்.

இதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். இந்தச் சொல் வந்த வரலாற்றைப் பாருங்கள். டூர் டி பிரான்ஸ் 1903-இல் லோட்டோ என்ற பத்திரிகை தொடங்கிய பந்தயம், அதன் ஆசிரியர் ஆன்ரி டெக்ராஞ்ச். ஒவ்வொருவரும் தன் பலத்தால் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1911-இல் மொரீஸ் புரோக்கோ என்ற ஓட்டி, தான் வெல்லும் வாய்ப்பு போனபின் மற்றவர்களுக்கு உதவிக் காசு பார்க்கிறார் என்று கோபப்பட்டு டெக்ராஞ்ச் எழுதிய வசைதான் தொமெஸ்தீக். காலப்போக்கில் பிரெஞ்சுக்காரர்கள் அந்த வசையின் முள்ளை மழுக்கிவிட்டார்கள். நாம் மொழிபெயர்த்தால் முள்ளைப் புதிதாகக் கூர்தீட்டித்தான் எடுத்து வருவோம். ஏவலர், பணியாள் என்ற சொற்களுக்குப் பின்னால் நம் ஊரில் யார் நின்றார்கள், எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன? ஜெர்மானியர் தண்ணீர் சுமப்பவர் என்கிறார்கள். இத்தாலியர் சொல்லும் கிரெகாரியோ, மந்தையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிறந்து, படையின் சாதாரண வீரனைக் குறித்து, பிறகு இங்கே வந்தது.

செயலைப் பார்த்துப் பெயர் வைப்போம். 1934 டூரில் 20 வயது ரெனே வியெத்தோ அருமையாக மலை ஏறிக்கொண்டிருந்தார். அவர் அணித் தலைவர் அந்தோனன் மாஞ் கீழே விழுந்து சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து அழுதார். அந்தப் புகைப்படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. மறுநாளும் மாஞ்சுக்கு வண்டி பழுது. வியெத்தோ வந்த மலைமேலேயே திரும்பி ஏறிப் போய்த் தன் சைக்கிளைக் கொடுத்தார். மாஞ் அந்த ஆண்டு வென்றார், வியெத்தோ ஐந்தாவது. 2022 டூரில் ஒத்தகாம் மலையிலும் பார்த்தோம். புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை போட்ட வௌட் வான் ஆர்ட், அன்று நெடுநேரம் முன்னோட்டியாகவே ஓட்டியபிறகும் மலையில் தன் அணித் தலைவர் விங்கெகோவுக்காக முன்னின்று இழுத்தார், அந்த வேகத்தில் எதிரணியின் பொகாச்சர் பின்தங்கினார். இவர்களை ஏவலர் என்று எழுத என் கை வராது.

முதலில் நான் ‘காற்றுத்தாங்கி’ என்று முன்வைத்தேன். சுமைதாங்கிக் கல்லை நினைத்துச் சொன்னது. இரண்டு எதிர்ப்புகள் வந்தன.

> சுமைதாங்கி, இடிதாங்கியில் ஒற்று மிகவில்லையே, இதில் மட்டும் ஏன்?

காற்று என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதனால் மிகும். இந்த எதிர்ப்பு நிற்காது.

> யாழ்ப்பாணத்தில் நீர்த்தாங்கி என்றால் தண்ணீர் தேக்கும் தொட்டி. காற்றுத்தாங்கி என்றால் எங்கட ஆட்கள் காற்று அடைச்ச சிலிண்டர் எண்டுதான் நினைப்பினம்.

இது நிற்கும். இரு கரையிலும் ஒரே பொருள் தராத சொல் கலைச்சொல் ஆகாது. காற்றுத்தாங்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதே நண்பர் மடலின் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன தோள்வீரர் என்பதை ஏற்போம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். தோள் கொடுத்தல் என்ற வழக்கு அங்கும் உண்டு, இங்கும் உண்டு. கொடுப்பவர் கீழானவர் என்ற தொனி அதில் இல்லை. தலைவரும் ஒருநாள் தோள்வீரராகலாம், தோள்வீரரும் தலைவராகலாம். பெண்கள் பந்தயத்துக்கும் மாற்றாமல் பொருந்தும்.

‘எஷலான்’ பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது ஓட்டிகள் சாலைக்குக் குறுக்கே சாய்வாக விரிந்து ஒதுங்குகிறார்கள். சாலையின் அகலம் தீர்ந்த இடத்தில் ஒதுங்கலும் தீர்ந்தது, அதற்குமேல் வருபவர் ஓரத்தில் காற்றைத் தனியே வாங்க வேண்டும். டச்சு, ஸ்பானியம் இரண்டிலும் இதற்கு விசிறி என்றே பெயர். நாமும் விசிறி என்போம். ரசிகர் என்ற பொருளோடு மோதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் மோதவில்லை.

வைத்துப் பார்க்கிறேன் (மஞ்சள் சட்டை, மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் போடுவது): “பக்கக்காற்று அடித்ததும் திரள் மூன்று விசிறியாகப் பிளந்தது. மஞ்சள் சட்டைக்காரர் இரண்டாவது விசிறியில் மாட்டிக்கொண்டார். அவருடைய தோள்வீரர்கள் நால்வரும் முன்னால் வந்து இழுக்கிறார்கள், அவர் பின்னொதுங்கி வருகிறார். பின்பகுதி சாரையாக நீண்டு அறுந்துகொண்டிருக்கிறது.”

நேற்றிரவு இதைச் சத்தமாகப் படித்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்து, அந்த மஞ்சள் சட்டைக்காரர் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்டாள்.

மிச்சம் இருப்பது முன்னால் பிரிந்து போகும் அந்த நாலு பேர். மேலே நான் முன்னோட்டிகள் என்று எழுதிவந்தேன், அது தற்காலிகம்தான். பிரெஞ்சு வழியில் ‘தப்பியோடிகள்’ என்றால் சிறையிலிருந்து ஓடியவர் ஆகிவிடுவார்கள். அவர்கள் வெவ்வேறு அணிக்காரர்கள், எதிரிகள். ஆனாலும் கடைசி சில கிலோமீட்டர் வரை முறைவைத்து ஒருவருக்கொருவர் காற்றை மறைத்துப் போகிறார்கள். அந்தத் தற்காலிக உடன்பாடு சொல்லில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. ‘முந்துகூட்டு’ என்று ஒன்று தோன்றியது, கூட்டு என்றால் பொரியலோடு வருவது நினைவுக்கு வருமோ என்று தயக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் பரிந்துரைகளை அனுப்புங்கள். வாக்கியத்தோடு அனுப்புங்கள்.

அன்புடன்,
முப்பந்தல் பக்கத்துக்காரன்