அறுமீன் தெரிந்த இரவு

அம்மா இறந்த பிறகு ஏழு மாதங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஆராதனைக்குப் போனேன், பாடலுக்கு எழுந்து நின்றேன், எல்லோரோடும் ஆமென் சொன்னேன். வீட்டில் வேதாகமத்தைத் திறக்கவே இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ‘இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார்’ என்ற வசனத்தை எத்தனை முறை சொன்னார்கள் என்று கணக்கில்லை. அதை அச்சிட்ட அட்டைகள் மட்டும் நான்கு வந்தன. அன்போடுதான் அனுப்பினார்கள். ஆனால் எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் பொங்கியது. கட்டுகிறவர் எங்கே என்றுதான் கேட்கத் தோன்றியது.

அப்பா என்னைவிட மோசமாக உடைந்திருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இரவு ஜெபத்தை நடத்தியவர் அவர். எங்களோடு வந்து தங்கிய பிறகு, “நீங்கள் செய்யுங்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்.

டிசம்பரில் எல்லோரும் மலைக்குப் போனோம். என் கணவரின் ஏற்பாடு. எனக்கு விருப்பமே இல்லை. பகலில் பார்த்த பள்ளத்தாக்கும் அருவியும் அழகாகத்தான் இருந்தன, அவ்வளவுதான். இயற்கையைப் பார்த்தாலே மனம் லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. பார்க்க அம்மா இல்லையே என்றுதான் ஒவ்வொரு இடத்திலும் நினைத்தேன்.

இரண்டாம் நாள் இரவு மின்சாரம் போய்விட்டது. சின்னவன் தூங்கிவிட்டான். ஒன்பது வயது மகள் தாத்தாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். நாங்களும் பின்னால் போனோம். கைபேசி வெளிச்சத்தை அணைக்கச் சொன்னார் கணவர். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும், பொறுமையாக நில்லுங்கள் என்றார். நிலா இல்லாத இரவு. முதலில் நாற்பது, ஐம்பது நட்சத்திரங்கள் தெரிந்தன. பிறகு அவற்றுக்கு நடுவில் இன்னும் பல. பிறகு அவற்றுக்கும் பின்னால், எண்ணவே முடியாதபடி.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது பயம். மகள் எத்தனை இருக்கும் என்று கேட்டாள். வெறும் கண்ணுக்குச் சில ஆயிரம் தெரியும், நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்கு மேல் இருக்கின்றன என்றார் கணவர். இவ்வளவு பெரிய ஒன்றில் என் அம்மா யார், என் அழுகை எதற்கு ஆகும் என்று நெஞ்சு அடைத்தது. ‘மனுஷனை நீர் நினைக்கிறதற்கு அவன் எம்மாத்திரம்’ என்று வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் சங்கீதக்காரன் கேட்டதைச் சிறு வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதைத் துதியாகத்தான் எப்போதும் பாடியிருக்கிறோம். அன்று இரவு அது கேள்வியாகவே கேட்டது.

கணவர் ஒரு சிறு நட்சத்திரக் கொத்தைக் காட்டி, அதில் எத்தனை தெரிகிறது என்று மகளிடம் கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணி ஆறு என்றாள். கார்த்திகை என்பது அதுதான், அதன் ஒளி நம்மிடம் வந்து சேரச் சுமார் 440 ஆண்டுகள் ஆகும் என்றார். அதுவரை பேசாமல் நின்ற அப்பா சட்டென்று திரும்பினார். “ஆறா? அப்படியென்றால் யோபுவில் வருகிற அறுமீன் இதுதானா, மாப்பிள்ளை?”

அதுதான். வேதாகமத்தில் யோபுவின் புத்தகம், 38-ஆம் அதிகாரம். நாற்பது ஆண்டுகளாக அப்பா அந்த வசனத்தைச் சத்தமாக வாசித்து நான் கேட்டிருக்கிறேன். அந்த அறுமீனை வானத்தில் அவருக்கு யாரும் காட்டியதில்லை. குழந்தையைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு ஆவலைப் பார்த்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

“எல்லா நட்சத்திரத்துக்கும் பேர் உண்டா தாத்தா?” என்றாள் மகள்.

“உண்டு. ‘அவர் நட்சத்திரங்களின் இலக்கத்தை எண்ணி, அவைகளுக்கெல்லாம் பேரிட்டு அழைக்கிறார்.’ 147-ஆம் சங்கீதம், நான்காம் வசனம்.” சொல்லிவிட்டு நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோல, “மூன்றாம் வசனம் என்ன தெரியுமா?” என்றார்.

எனக்குத் தெரியும். நான்கு அட்டைகளில் வந்த வசனம்.

இரண்டும் அடுத்தடுத்து இருப்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. ஒன்று அட்டையில் இருந்தது, மற்றொன்று ஞாயிறு பள்ளிப் பாடத்தில் இருந்தது. காயம் கட்டுவதையும் நட்சத்திரம் எண்ணுவதையும் சங்கீதக்காரன் ஒரே மூச்சில் சொல்கிறான், நடுவில் ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லை. என்னைப் பயமுறுத்திய அந்தப் பிரம்மாண்டம் யாருடைய கைவேலையோ, அவரேதான் அம்மாவின் பெயரையும் அறிந்தவர் என்பது அந்தக் குளிரில் எனக்குள் இறங்கியது. அழுதேன். கோபமில்லாமல் அழுதது அன்றுதான்.

அப்பா அங்கேயே நின்றபடி ஜெபித்தார். இரண்டே வரி. “ஆண்டவரே, எண்ணத் தெரிந்தவர் நீர். எங்கள் வீட்டில் ஒன்று குறைந்தது உமக்குத் தெரியும்.” மகள் ஆமென் சொன்னாள். நானும் சொன்னேன்.

ஏன் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து ஏன் என்று கேட்ட யோபுவுக்கும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை என்பதைத் திரும்ப வாசித்தபோது கண்டேன். கர்த்தர் அவனிடம் விளக்கம் சொல்லவில்லை. கடலையும் பனியையும் நட்சத்திரங்களையும் காட்டிக் கேள்விதான் கேட்டார். ஆனால் அவரே வந்து பேசினார். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

வீடு திரும்பிய பிறகு அப்பா இரவு ஜெபத்தை மீண்டும் நடத்துகிறார். எல்லா நாளும் இல்லை, முடிகிற நாளில். பேத்தி கேட்டதற்காக யோபுவை 38-இலிருந்து தொடங்கினார். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே வரையாடு வந்தது. அது எப்படி இருக்கும் என்று அவள் கேட்க, வாசிப்பை நிறுத்திவிட்டு இருவரும் படம் தேடிக்கொண்டிருந்தார்கள்.